சுவத்துல பூஞ்சை, பர்ஸுல ஓட்டை: பெயிண்டரைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

பூஞ்சை பிடிச்ச சுவத்து மேல பெயிண்ட் அடிச்சா பொங்கல் வரைக்கும் பார்க்க நல்லா இருக்கும். அடுத்த ஐப்பசி மழைக்கு அதே மூலையில, அதே கருப்பு வட்டம் திரும்ப வந்து நிக்கும். போனது பூஞ்சை இல்ல, உங்க பணம்.

வழக்கமா இங்க எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசுவோம். இந்த வாரம் சுவத்தைப் பத்திப் பேசப்போறோம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வாடகைக்கு இருக்கிறவங்க, புதுசா லோன் போட்டு ஃபிளாட் வாங்கினவங்க, இவங்க மாசக் கணக்குல "பூஞ்சை"ன்னு ஒரு தலைப்பே இருக்காது. ஆனா மெடிக்கல் பில்லுல கொஞ்சம், லீவ் போட்டதுக்குப் பிடிச்ச சம்பளத்துல கொஞ்சம், கெட்டுப்போன துணியிலயும் ஷூவிலயும் கொஞ்சம், வருஷா வருஷம் பெயிண்டருக்குக் கொடுக்கிறதுல கொஞ்சம்னு அது பிரிஞ்சு போய்க்கிட்டே இருக்கும். மொத்தமாக் கூட்டிப் பார்த்தாத்தான் பக்குன்னு இருக்கும்.

ஏன் கோவில்பதாகை?

கோவில்பதாகை ஒரு ஏரிக்கரை ஊர். ஆவடி 2019-ல மாநகராட்சி ஆச்சு. அதுக்கு முன்னாடியே இங்க காலி மனையெல்லாம் தனி வீடாவும், நாலு வீடு ஆறு வீடுன்னு சின்ன அபார்ட்மெண்ட்டாவும் மாற ஆரம்பிச்சிடுச்சு. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் ரயிலுக்கும் பக்கம், சிட்டியை விட வாடகை கம்மி. வேலைக்குப் போற சின்னக் குடும்பங்களுக்கு இதை விட என்ன வேணும்?

ஆனா ஏரி பக்கத்துல இருந்தா நிலத்தடி நீர் மேல இருக்கும். கோடையில போர் போட்டவங்களுக்கு அது வரம். மழைக்காலத்துல அதே தண்ணி அஸ்திவாரம் வழியா சுவத்துல ஏறும். ஈரத்துணியோட ஒரு முனையைத் தண்ணியில விட்டா தண்ணி மேல ஏறுதில்லையா, அதே கதைதான். செங்கல்லும் சிமெண்ட் பூச்சும் அப்படித்தான் தண்ணியை உறிஞ்சும். இதைத் தடுக்கத்தான் அஸ்திவாரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல டிபிசின்னு ஒரு தடுப்புப் படுகை போடுவாங்க. வீடு கட்டும்போது அது ரோட்டை விட உயரத்துலதான் இருந்திருக்கும். அப்புறம் ரோடு மேல ரோடு போட்டு, வாசல்ல மண்ணு கொட்டி, போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டி, இன்னைக்கு அந்த டிபிசி தரைக்குக் கீழ போயிருக்கும். பழைய ரோட்டைச் சுரண்டிட்டுத்தான் புது ரோடு போடணும்னு அரசு உத்தரவு இருக்கு. நம்ம தெருவுல அது நடந்துச்சான்னு நீங்களே வாசப்படியைப் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டு படி ஏறிப் போன வீட்டுக்கு இப்ப ஒரு படி இறங்கிப் போறீங்கன்னா பதில் அங்கேயே இருக்கு.

இதுக்கு மேல வெள்ளம். 2015 டிசம்பர்லயும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பர்லயும் ஆவடியில பல பகுதி தண்ணியில நின்னுச்சு. மிக்ஜாமுக்கு அப்புறம் ரேஷன் கடையில குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தாங்க. மெத்தையையும் மிக்ஸியையும் மாத்த அது கொஞ்சம் உதவியிருக்கும். ஆனா முழங்கால் அளவு தண்ணியைக் குடிச்ச சுவர் உள்ளுக்குள்ள காய மாசக்கணக்காகும். வெளிப்பக்கம் காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சதும் நம்ம ஆட்கள் உடனே பெயிண்ட் அடிச்சிடுவாங்க. ஈரம் உள்ளேயே மாட்டிக்கும்.

ஒரு சீசனுக்கு எவ்வளவு?

ஒரு எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். இது சர்வே கிடையாது, கணக்குப் புரியறதுக்காக நான் போடுற எண்கள். உங்க எண்ணை நீங்க போட்டுக்கோங்க.

கணவன், மனைவி, ரெண்டு வயசுக் குழந்தை. தரைத்தளம், 11,000 ரூபாய் வாடகை. பெட்ரூம்ல பாத்ரூமை ஒட்டின சுவத்துல பீரோவுக்குப் பின்னாடி பூஞ்சை. நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் குழந்தைக்கு ரெண்டு தடவை வீசிங். டாக்டரைப் பார்த்தது நாலு தடவை, தடவைக்கு 600 வச்சா 2,400. நெபுலைசர் மெஷினும் மருந்தும் 4,100. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ லீவ் தீர்ந்துபோய் மூணு நாள் சம்பளம் கட். 32,000 சம்பளத்துக்கு அது 3,200. பீரோவுல பூசணம் பிடிச்ச பட்டுப்புடவை டிரை வாஷ், தூக்கிப்போட்ட ஷூ, ஸ்கூல் பேக் எல்லாம் சேர்த்து 3,000. பொங்கலுக்கு முன்னாடி அந்த ஒரு ரூமுக்கு பெயிண்ட், 9,000.

மொத்தம் 21,700 ரூபாய். கிட்டத்தட்ட ரெண்டு மாச வாடகை. அதுல பெரிய துண்டு பெயிண்டுக்குப் போனது. அது எதையும் சரிபண்ணல. அடுத்த வருஷம் இதே பில் திரும்ப வரும்.

பணத்தை விடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை நெஞ்சு ஏறி இறங்கி மூச்சு இழுக்கிறதைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், இது எக்செல் ஷீட்ல அடங்குற விஷயம் இல்ல.

உடம்புக்கு என்ன பண்ணும், என்ன பண்ணாது

முதல்ல ஒரு பயத்தைத் தீர்த்துடுவோம். 2021-ல கொரோனா ரெண்டாவது அலையில "கருப்பு பூஞ்சை"ன்னு கேட்டுக் கேட்டு நடுங்கினோமே, அது மியூகார்மைகோசிஸ். கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை, ஸ்டீராய்டு இதெல்லாம் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களைத் தாக்கின தொற்று. உங்க சுவத்துல கருப்பா இருக்கிறது பெரும்பாலும் வேற வகைப் பூஞ்சைகள். நிறத்தை வச்சு எது ஆபத்துன்னு கண்டுபிடிக்க முடியாது. பச்சையா இருந்தாலும் வெள்ளையா இருந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான்.

அதுக்காக ஒண்ணும் ஆகாதுன்னு விடவும் முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2009-ல வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும்னே தனியா ஒரு வழிகாட்டி வெளியிட்டுச்சு. ஈரமான, பூஞ்சை பிடிச்ச வீட்டுல இருக்கிறவங்களுக்கு மூச்சுத்தொந்தரவு, சுவாசத் தொற்று, ஆஸ்துமா அதிகமாறதை அது தெளிவாச் சொல்லுது. "இத்தனை வித்துகள் வரைக்கும் பரவாயில்ல"ன்னு ஒரு அளவை அவங்க குறிக்கல. ஈரத்தை நிறுத்துங்கன்னுதான் சொன்னாங்க. குழந்தைகள், வயசானவங்க, ஏற்கெனவே ஆஸ்துமாவோ அலர்ஜியோ இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

இங்கிலாந்துல ராச்டேல்னு ஒரு ஊர். அங்க ஹவுசிங் அசோசியேஷன் ஃபிளாட்டுல வாடகைக்கு இருந்த ஒரு அப்பா 2017-லயே பூஞ்சையைப் பத்திப் புகார் சொன்னார். அவருக்குக் கிடைச்ச பதில்: மேல பெயிண்ட் அடிச்சுக்கோங்க. 2020 டிசம்பர்ல அவரோட மகன் அவாப் இஷாக், ரெண்டு வயசு, இறந்துபோனான். 2022 நவம்பர்ல விசாரணை அதிகாரி, நீண்டநாள் வீட்டுப் பூஞ்சையில இருந்ததால வந்த மூச்சுக்குழாய் பாதிப்புதான் காரணம்னு தீர்ப்பு சொன்னார். அந்தக் குழந்தை பேர்லயே சட்டம் வந்து, 2025 அக்டோபர்ல இருந்து இங்கிலாந்துல சமூக வீடுகள்ல நடைமுறைக்கு வந்திருக்கு. அபாயமான ஈரம், பூஞ்சைன்னு புகார் வந்தா 10 வேலை நாளுக்குள்ள வீட்டு நிர்வாகம் வந்து பார்க்கணும். அவசர நிலைமைன்னா 24 மணி நேரம்.

இது அரிதான சம்பவம். பூஞ்சை இருக்கிற ஒவ்வொரு வீட்டுலயும் இப்படி ஆகும்னு சொல்லல. ஆனா "மேல பெயிண்ட் அடிச்சுக்கோங்க"ங்கிற அதே வாக்கியம் நம்ம ஊர் ஹவுஸ் ஓனர் வாயிலயும் அப்படியே வருதே, அதான் உறுத்துது.

வீட்டுல யாருக்காவது இருமல் விடாம இருந்தா ஒரு சின்ன நோட்டு போடுங்க. எந்த நாள், எந்த ரூம்ல படுத்தாங்க, ராத்திரி இருமல் இருந்துச்சா. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊருக்குப் போன ஒரு வாரம் இருமல் நின்னு, ஆவடிக்கு வந்த ரெண்டாம் நாள் திரும்ப ஆரம்பிச்சா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பாச் சொல்லுங்க. பூஞ்சைதான்னு நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, கரப்பான், மெத்தைத் தூசி எல்லாமே வீசிங்கைக் கிளப்பும். அப்புறம், "இன்ஹேலர் பழகிடும்"னு சொல்ற சொந்தக்காரங்க பேச்சைக் கேட்டு டாக்டர் எழுதினதை நிறுத்தாதீங்க. மூச்சு இழுத்து விலா உள்வாங்குது, உதடு நீலமாகுது, பேச முடியலன்னா நோட்டெல்லாம் அப்புறம், நேரா ஆஸ்பத்திரி.

தண்ணி எங்கிருந்து வருது?

பூஞ்சை வித்து எல்லா வீட்டுக் காத்துலயும் இருக்கு, அதை ஒழிக்க முடியாது. சாப்பிட அதுக்குத் தூசியும் பெயிண்டும் போதும். நம்ம கையில இருக்கிற ஒரே சாவி தண்ணி. அதனால ஒரு ரூபாய் செலவழிக்கிறதுக்கு முன்னாடி, தண்ணி எந்த வழியா வருதுன்னு கண்டுபிடிக்கணும். இதுக்கு எக்ஸ்பர்ட் வேண்டியதில்ல, ஒரு வாரப் பொறுமை போதும்.

கறை எங்க இருக்குன்னு பாருங்க. தரையில இருந்து மூணு நாலு அடி வரைக்கும் வரிசையா ஊறியிருந்தா கீழிருந்து ஏறுற ஓதம். சீலிங்ல, அதுவும் மழை பெஞ்ச மறுநாள் பெருசானா மொட்டை மாடி. மழையே இல்லாத மே மாசத்துலயும் ஈரமா இருந்தா, பின்பக்கம் பாத்ரூமோ பைப்போ இருக்கும். ஜன்னல் ஓரம் மட்டும்னா சன்ஷேட் மேல தண்ணி தேங்குது, இல்ல வெளிச்சுவத்துல விரிசல். எந்தக் குழாயும் இல்லாத மூலையில, பீரோவுக்குப் பின்னாடி, ஏசி ரூம் சுவத்துல புள்ளி புள்ளியா இருந்தா அது பெரும்பாலும் காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவத்துல படிஞ்சு வந்தது.

சந்தேகமா இருந்தா ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ஒரு அடிக்கு ஒரு அடி கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்து, துடைச்சுக் காயவச்ச சுவத்துல நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாள் விடுங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், அதாவது சுவத்துப் பக்கம் வேர்த்திருந்தா தண்ணி சுவத்துக்குள்ள இருந்து வருது. ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்து ஈரம். ரெண்டுக்கும் வைத்தியம் முழுக்க வேற வேற. முதலாவதுக்குக் கொத்தனாரும் பிளம்பரும் வேணும். ரெண்டாவதுக்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் கொஞ்சம் பழக்க மாத்தமும் போதும். இது தெரியாமத்தான் பலபேர் காத்து ஈரத்துக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி காசை விடுறாங்க.

பைப் லீக்கான்னு பார்க்க இன்னும் சுலபம். ராத்திரி மோட்டார் போட்டு டேங்க் நிரப்பி, தண்ணி மட்டத்துல மார்க்கர்ல ஒரு கோடு. யாரும் குழாயைத் திறக்காம காலையில பாருங்க. மட்டம் இறங்கியிருந்தா எங்கயோ கசியுது. சம்ப்புக்கும் இதே மாதிரி கோடு போட்டுப் பார்க்கலாம். வீட்டுச் சுவத்தை ஒட்டியே சம்ப் இருக்கிற வீடுகள் நம்ம ஏரியாவுல நிறைய.

சுவத்துல வெள்ளையா மாவு மாதிரி இருக்கா? அது பூஞ்சையா இல்லாமயும் இருக்கலாம். தண்ணி தொட்டுத் தேய்ச்சா கரைஞ்சுபோனா அது உப்பு. உப்பு பூத்தா மூச்சுக்குப் பெரிய தொந்தரவு இல்ல. ஆனா தண்ணி வந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

துடைக்கிறதும் மறைக்கிறதும்

கதவுல பாதிக்கும் கம்மியான பரப்புன்னா, அதாவது சுமார் 10 சதுர அடி வரைக்கும், நீங்களே துடைக்கலாம். என்-95 மாஸ்க், ரப்பர் கிளவுஸ், கண்ணாடி. குழந்தையும் வீசிங் இருக்கிறவங்களும் அந்த நேரம் வீட்டுல இருக்கக் கூடாது. வறட்டுத் துடைப்பத்துல தட்டாதீங்க, வித்து வீடு முழுக்கப் பறக்கும். சோப்புத் தண்ணியில நனைச்ச துணியால துடைச்சு, அந்தத் துணியைக் கவர்ல கட்டித் தூக்கிப்போட்டு, ஃபேன் வச்சு நல்லாக் காயவிடுங்க. பிளீச் ஊத்தினாத்தான் சாகும்னு அவசியம் இல்ல. செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும், அதனால துடைச்சு எடுக்கிறதுதான் முக்கியம். ஒண்ணு மட்டும் மறக்காதீங்க: பிளீச்சையோ பிளீச்சிங் பவுடரையோ டாய்லெட் கழுவுற ஆசிட்டோட சேர்த்துடாதீங்க. குளோரின் வாயு வரும். பூஞ்சையை விட அது ஆபத்து.

இப்ப ஒரு புது ஃபேஷன். ஈரச் சுவத்து மேல பிவிசி பேனல் அடிக்கிறது, வால்பேப்பர் ஒட்டுறது. ஒரே நாள்ல வேலை முடிஞ்சிடும், ஸ்டேட்டஸ்ல போட்டோ போடலாம். என்னைக் கேட்டா, இந்த விஷயத்துல பணத்தை வீணாக்க இதை விட நல்ல வழி கிடையாது. பேனலுக்குப் பின்னாடி இருட்டு, ஈரம், காத்தே இல்ல. பூஞ்சைக்கு நம்ம கைக்காசுல ஏசி ரூம் கட்டிக் கொடுத்த மாதிரி. கண்ணுக்குத் தெரியாததால ரெண்டு மூணு வருஷம் வளரும், அதுக்குள்ள பேனல் கம்பெனி வாரண்டி பேசாது. ஈரச் சுவத்தை ஒட்டி பிளைவுட் வார்ட்ரோப் அடிக்கிறதும் இதே கதைதான்.

உள்பக்கம் அடிக்கிற "டேம்ப் ப்ரூஃப்" பெயிண்டும் ஒரு எல்லை வரைக்கும்தான். தண்ணி பின்பக்கத்துல இருந்து தள்ளும்போது பெயிண்ட் கொப்பளிச்சு உரியும், இல்ல ஈரம் அதுக்கு மேல ரெண்டடி ஏறி வெளிய வரும். வரிசை இதுதான்: தண்ணி வர்ற வழியை அடைக்கணும், சுவர் காயணும், அப்புறம் கெட்டுப்போன பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுசாப் பூசணும், கடைசியா பெயிண்ட். கொட்டேஷன் கொடுக்க வர்றவர் டேங்கையோ பாத்ரூமையோ மாடியையோ பார்க்காம, சுவத்தை மட்டும் தட்டிப் பார்த்து சதுர அடிக்கு ரேட் சொன்னார்னா டீ கொடுத்து அனுப்பிடுங்க.

காத்து ஈரத்துக்கு: சில நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல ஹைக்ரோமீட்டர் கிடைக்கும். ரூம்ல ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்தா வெளி ஈரம்தான் உள்ள வரும். வெயில் அடிக்கிற ரெண்டு மணி நேரம் எல்லாத்தையும் திறந்து விடுங்க. துணியை பெட்ரூம்ல காயப்போடாதீங்க, அந்தத் தண்ணி எல்லாம் எங்க போகும், காத்துக்குத்தானே? ஏசி இருந்தா டிரை மோடு. பீரோவைச் சுவத்துல இருந்து நாலு இன்ச் தள்ளி வைங்க. அந்த பீரோவுலதான் பத்திரம், சர்டிஃபிகேட் எல்லாம் இருக்குன்னா, அதை இன்னைக்கே வேற சுவத்துப் பக்கம் மாத்திடுங்க.

யார் காசு?

வாடகைக்கு இருக்கிறவங்களுக்கு: 2017-ல நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைப் பிரிச்சே சொல்லுது. அக்ரிமெண்ட்ல வேற மாதிரி எழுதாத வரைக்கும், கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவத்துக்கு வெள்ளை அடிக்கிறது, பிளம்பிங் பைப் மாத்துறது எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச் ரிப்பேர், வடிகால் அடைப்பு எடுக்கிறது மாதிரி சின்ன வேலை நம்ம பொறுப்பு. ஓனர் செய்ய மறுத்தா, நாம செஞ்சுட்டு வாடகையில கழிச்சுக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அக்ரிமெண்ட் எழுத்துல இருந்து, வாடகை அதிகாரிகிட்ட பதிவாகியிருந்தாத்தான் இந்தப் பேச்செல்லாம் நிக்கும். வாயாலயே பேசி அட்வான்ஸ் கொடுத்து குடி வந்திருந்தா, பேச்சுவார்த்தைதான் வழி.

நிஜத்துல அதுதான் பெரும்பாலும் நடக்கும். சண்டையா ஆரம்பிக்காதீங்க. போட்டோவோட ஒரு மெசேஜ் போடுங்க: "சார், பெட்ரூம்ல பாத்ரூம் சுவர் ஓரமா ஈரம் ஊறுது, பூஞ்சை வந்திருக்கு. பாப்பாவுக்கு வீசிங் வருது. மழை இல்லாத நாள்லயும் ஈரமா இருக்கு, பைப் லீக் மாதிரி தெரியுது. அப்படியே விட்டா கம்பி துருப்பிடிச்சு உங்க பில்டிங்தான் கெட்டுப்போகும். பிளம்பரைக் கூட்டிட்டு வந்து காட்டவா? எஸ்டிமேட் அனுப்புறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க சார்." உங்க இருமலை விட அவரோட கம்பிதான் அவருக்கு முதல்ல புரியும். தேதியோட எழுத்துல இருக்கிறதால, காலி பண்ணும்போது "பெயிண்டிங் சார்ஜ்"னு அட்வான்ஸ்ல பிடிக்க வந்தா உங்ககிட்ட ஆதாரம் இருக்கும். குடி வர்ற அன்னைக்கே எல்லா மூலையும் வீடியோ எடுத்து அவருக்கே அனுப்பிடுறது இன்னும் நல்லது.

சொந்த ஃபிளாட்டுன்னா: சாவி வாங்கி அஞ்சு வருஷத்துக்குள்ள கட்டுமானக் குறை தெரிஞ்சு எழுத்துல சொன்னா, 30 நாளுக்குள்ள பில்டர் இலவசமாச் சரிபண்ணணும்னு ரேரா சட்டம் சொல்லுது. நம்ம ஏரியாவுல ஒரு சிக்கல். 500 சதுர மீட்டருக்கு மேல போகாத மனை, இல்ல எட்டு வீட்டுக்கு மேல இல்லாத பில்டிங்னா ரேரா பதிவு தேவையில்ல. கோவில்பதாகை சந்துகள்ல இருக்கிற சின்ன அபார்ட்மெண்ட் பாதி இந்தக் கணக்குலதான் வரும்னு நினைக்கிறேன். அவங்களுக்கு திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. கொடுத்த விலை 50 லட்சம் வரைன்னா அங்கேயே போகலாம், பிரச்சினை எழுந்த ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். மாடி வீட்டு பாத்ரூம்ல இருந்து உங்க சீலிங்குக்கு கசிஞ்சா பில்டர், கோர்ட்டுக்கு முன்னாடி அசோசியேஷன் மீட்டிங். மேல் வீட்டு அக்காவைக் கூட்டிட்டு வந்து கறையைக் காட்டுங்க. பாதி கேஸ் அங்கேயே முடியும்.

இன்ஷூரன்ஸ் காப்பாத்துமா? பாரத் கிருஹ ரக்ஷா வீட்டு பாலிசியில வெள்ளம், புயல், தண்ணி டேங்க் அல்லது பைப் வெடிக்கிறது எல்லாம் கவர் ஆகும். மெதுவா ஊறுற கசிவு அந்தப் பட்டியல்லயே இல்ல. ஏரிப் பக்கம் சொந்த வீடு இருக்கிறவங்க வெள்ளத்துக்காக இதை எடுக்கலாம், பூஞ்சைக்காக எடுக்காதீங்க. ஹெல்த் பாலிசியில ஆஸ்துமா ஏற்கெனவே இருந்த நோயா எழுதப்பட்டா அதிகபட்சம் மூணு வருஷம் காத்திருக்கணும். மறைச்சு எடுக்காதீங்க. ஆனா வீசிங் செலவுல பெரும்பகுதி ஓபி, சாதாரண பாலிசி அதைத் தொடாது. சம்பளம் 21,000-க்குள்ள இருந்து இஎஸ்ஐ பிடிக்கிறாங்கன்னா, அதுல ஓபி வைத்தியமும் மருந்தும் குடும்பத்துக்கே உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிற எத்தனையோ பேர் கார்டை பர்ஸ்ல வச்சுக்கிட்டே மெடிக்கல் ஷாப்ல காசு கொடுக்கிறாங்க.

இந்தப் பணத்தை எங்கிருந்து எடுக்கிறது?

எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுக்காதீங்க. வேலை போறது எமர்ஜென்சி. வடகிழக்குப் பருவமழை எமர்ஜென்சி இல்ல, அது காலண்டர்லயே இருக்கு. தேதி தெரிஞ்ச செலவுக்குத் தனி உண்டியல் வேணும். சொந்த ஃபிளாட்டுன்னா மாசம் 1,500 ரூபாய் ஆர்டி, வருஷத்துக்கு 18,000 ஆச்சு. ஒரு வருஷம் பாத்ரூம் ஜாயிண்ட், அடுத்த வருஷம் மொட்டை மாடின்னு போகலாம். வாடகை வீடுன்னா மாசம் 500 போதும். எக்ஸாஸ்ட் ஃபேன், ஹைக்ரோமீட்டர், முடியாத பட்சத்துல வீடு மாத்துற வண்டி வாடகைக்கு ஆகும். பெரிய வேலைக்கு லோன் தவிர்க்க முடியலன்னா பர்சனல் லோனுக்கு முன்னாடி வீட்டுக் கடன்ல டாப்-அப் கேளுங்க. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு, குடியிருக்கிற வீட்டு ரிப்பேர் கடனோட வட்டியில வருஷம் 30,000 வரைக்கும் கழிவும் உண்டு.

வெளிச்சுவர், மாடி வேலை எல்லாம் மாசியில இருந்து வைகாசிக்குள்ள முடியணும். ஆனா தண்ணி எங்க வருதுன்னு கண்டுபிடிக்க மழைதான் வேணும். அதனால இந்த மழையில போட்டோ எடுத்து வைங்க, வேலையைக் கோடையில கொடுங்க.

வீடு பார்க்கப் போறவங்க இதைத் தலைகீழாச் செய்றாங்க. ஏப்ரல், மே மாசம் பார்ப்பாங்க, சுவர் எல்லாம் பளபளன்னு இருக்கும். கோவில்பதாகை பக்கம் வீடு பார்க்கிறதா இருந்தா கார்த்திகையிலயோ மார்கழியிலயோ, மழை விட்ட மறுநாள் போங்க. உள்ள போனதும் மூக்கை நம்புங்க. தரைத்தளத்துல ஒரே ஒரு சுவர் மட்டும் புது பெயிண்ட்னா காரணம் கேளுங்க. பேங்க்ல இருந்து வர்ற வேல்யுவர் லோனுக்கு விலை போடத்தான் வர்றார், பாத்ரூம் பின்னாடி கை வச்சுப் பார்க்க இல்ல. வெளிய வந்து, புரோக்கரை விட்டுட்டு, தெருமுனையில இஸ்திரி போடுற அண்ணன்கிட்டயோ எதிர் வீட்டு அம்மாகிட்டயோ ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "2023 டிசம்பர்ல தண்ணி இந்த வீட்டுல எந்தப் படி வரைக்கும் வந்துச்சு?" கையைக் கீழ இறக்கிக் காட்டுவாங்க. அந்த உயரத்தை டேப் வச்சு அளந்து, அதுக்கப்புறம் வாடகை பேசுங்க.